காப்பவள் கையில் காணி வேண்டும்

(ஏறாவூரில் வேளாண்மை செய்வோரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மட்டக்களப்பு வாவியின் வடபுறத்தே அமைந்த இந்த ஊரில் நின்று நிலத்தைப் பற்றிப் பேசுவது எளிய காரியமன்று. போரிலே உறவை இழந்தவர்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள், திரும்பி வந்தபோது வேலி எங்கே, வரம்பு எங்கே என்று தேடியவர்கள் இந்த அவையிலே அமர்ந்திருக்கிறீர்கள். தமிழர் ஆயினும் முஸ்லிம்கள் ஆயினும் நிலத்தின் பெயரால் மனம் நோகாத குடும்பம் இப்பகுதியில் அரிது. ஆகவே, நிலத்தின் அருமையை உங்களுக்கு எடுத்துரைக்க நாம் வரவில்லை. அந்த நிலத்தைக் காத்து வருபவர் யார், அதன் உரிமை யாருடைய பெயரில் இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளை மட்டும் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறோம்.

"காடு வன இலாகாவின் காரியம், காணி கச்சேரியின் காரியம், இதிலே பெண்களுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு விடை சொல்ல நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த ஊரின் பழங்கதையிலேயே விடை இருக்கிறது.

தாய்வழி வந்த நிலம்

முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரிலே பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றனர் என்றும், அதற்குக் கைம்மாறாக முக்குவப் பெண்கள் அவர்களுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டனர் என்றும், எதிரி மீண்டும் ஏறி வாராதவாறு காவலாக அவர்கள் குடியேறிய ஊரே ஏறாவூர் என்றும் நம் முன்னோர் சொல்லி வந்திருக்கின்றனர். இது செவிவழிக் கதை. எனினும் அக்கதையில் ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. வந்தவருக்கு இந்த மண்ணில் வேர் கொடுத்தவள் பெண். நிலமும் குலமும் அவள் வழியாகவே வந்தன.

மட்டக்களப்பிலே குடி என்பது தாய்வழி. தாயின் குடியே பிள்ளையின் குடி. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இவ்வழக்கம் உண்டு. மகளுக்கு வீடும் வளவும் கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைப்பது இன்றும் நாம் காணும் முறை. பழைய முக்குவர் சட்டத்திலே முதுசம் தாய்வழியாகவே இறங்கிற்று. மாமனின் சொத்து சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. பெண்ணுக்குக் காணி ஏது என்று கேட்கும் வழக்கம் இந்த மண்ணுக்கு உரியதன்று, நண்பர்களே! அது இடையிலே வந்து சேர்ந்தது.

எப்படி வந்தது? 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பின் முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. அதன்பின் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அரச காணியை அனுமதிப்பத்திரம் கொடுத்து மக்களுக்குப் பகிர்ந்தளித்த சட்டம் அது. நன்மை பல செய்தது, மறுக்கவில்லை. ஆனால், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாது போனால் காணி யாரைச் சேரும் என்பதற்கு அதன் மூன்றாம் அட்டவணை ஒரு வரிசை வகுத்தது. அவ்வரிசையிலே மகன் முன்னே, மகள் பின்னே. பேரன் முன்னே, பேத்தி பின்னே. சகோதரன் முன்னே, சகோதரி பின்னே. தாய்வழியாக நிலம் இறங்கிய ஒரு நாட்டிலே, குடியேற்றக் காணிகளில் மட்டும் பெண் வரிசையின் பின்னால் நிறுத்தப்பட்டாள். 2022 இல் நிறைவேறிய திருத்தச் சட்டமே அந்த ஏற்றத்தாழ்வை நீக்கியது. எண்பத்தேழு ஆண்டுகள் சென்றன! அதற்குள் எத்தனை காணிகள் கைமாறின என்பதை உங்கள் ஊர்களிலுள்ள முதியவர்களைக் கேட்டாலே அறிவீர்கள்.

வாவிக்கரையின் பாடம்

இனிக் காட்டுக்கு வருவோம். மழைக்காடு என்று உலகம் போற்றும் காடு நம் மாகாணத்தில் இல்லை. அது தென்மேற்கே சிங்கராசாவிலும் ஈரவலயத்தின் சரிவுகளிலும் எஞ்சியிருக்கிறது. நம்முடையது பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நின்ற உலர்வலயக் காடு. வாவியின் ஓரத்திலோ கண்டலும் கண்ணாவும் தில்லையும் செறிந்த சதுப்புக் காடு. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அந்த வேர்களின் இடையிலேதான். கரையை நீர் அரித்துச் செல்லாது பிடித்து வைப்பதும் அவ்வேர்களே. சதுப்பு மண்ணிலே கரியைப் பூட்டி வைத்து உலக வெப்பத்தைத் தணிக்கவும் இக்காடு உதவுகிறது. விறகுக்காகவும், இறால் வளர்ப்புக் குளங்களுக்காகவும், போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயராலும் இக்காடு வெட்டப்பட்டது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கிய பின்னரே கண்டலின் அருமை பலருக்கு விளங்கிற்று. உடனே நாடெங்கும் கன்று நடும் ஆர்வம் பெருகியது. பலன் என்ன? 2017 இல் வெளியான ஓர் ஆய்வு இலங்கையில் 23 இடங்களில் நடந்த நடுகைகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நட்டிருந்தனர். தப்பிப் பிழைத்ததோ 200 முதல் 220 ஹெக்டயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுதானும் எஞ்சவில்லை!

காரணம் யாது? நீர் எந்த அளவு ஏறும், எந்த அளவு வற்றும் என்று பாராது நட்டனர். கண்டலின் காய் மரத்திலிருக்கும்போதே முளைத்து ஈட்டிபோல் நீண்டு தொங்குவது. அதைப் பிடுங்கிச் சேற்றில் குத்துவது எளிது. எனவே எங்கும் அதையே குத்தினர். முகத்துவாரம் மண்மேடிட்டு அடைபட்டால் வாவிநீர் வாரக்கணக்கில் உயர்ந்து நிற்கும். இளங்கன்று மூழ்கி அழுகும். நட்டபின் மாடு மேயாது காக்கவும், பாசி படர்ந்தால் நீக்கவும் ஆளில்லை. நட்ட நாளில் படம் பிடிக்க ஆள் இருந்தது. மறுநாள் பார்க்க ஆள் இல்லை.

மறுநாள் பார்ப்பவர் யார்? நாள்தோறும் வாவிக்கரைக்கு வருபவர். இறாலும் மட்டியும் பொறுக்கவும், விறகு சேர்க்கவும், வலை உலர்த்தவும் வருபவர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். எந்த மூலையில் நீர் நிற்கும், எந்த மேட்டில் உப்பு மிகும் என்பதை அவர்கள் பாடப்புத்தகத்திலே படித்ததில்லை. காலால் மிதித்து அறிந்தவர்கள்.

இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்துதான் 2015 இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. சிறு மீனவர் சம்மேளனமாக இருந்து வளர்ந்த சுதீசா நிறுவனமும், அமெரிக்காவின் சீக்கோலொஜி அமைப்பும், இலங்கை அரசும் அதிலே சேர்ந்தன. நாட்டின் கண்டற் காடுகள் அனைத்துக்கும் காப்பளிக்க முன்வந்த முதல் நாடு இலங்கை என்று அன்று பாராட்டப்பெற்றது. 1,500 கரையோரச் சமுதாயங்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்கி, அதற்கு ஈடாக அவர்கள் தத்தம் பகுதிக் காட்டைக் காப்பது என்பது அதன் நோக்கம். 2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டற்காட்டு மீட்சியை உலகின் முன்மாதிரி முயற்சிகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது.

நல்ல செய்தி. மகிழ்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. காவற் கடமை பெண்ணுக்கு, கடனும் பெண்ணுக்கு, காட்டின் எல்லையை வகுக்கும் அதிகாரம் யாருக்கு? கரையோரத்திலே ஒரு காணியை இறால் பண்ணைக்குக் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் கூட்டத்திலே, அந்தக் காட்டைக் காக்கும் பெண்ணுக்கு ஆசனம் உண்டா? போரின்பின் குடும்பச் சுமை முழுவதையும் தனியே தாங்கிய விதவைத் தாய்மார் நுண்கடனில் அகப்பட்டு அல்லலுற்றதை இம்மாவட்டம் கண்டிருக்கிறது. ஆகவே, கடனைக் கொடுத்துக் காவல் வாங்குவது நிலையான வழியாகாது. உரிமையைக் கொடுத்துக் காவல் பெறுவதே நிலைக்கும்.

காட்டைக் காத்து, காட்டை இழந்தோர்

இவ்விடத்தில் நம் அயலவரான பூர்வகுடிகளை நினைக்க வேண்டும். வெருகலிலிருந்து கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி ஈறாக வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுவோர். கடலையும் வாவியையும் காட்டையும் ஒருங்கே நம்பியோர். செலிக்மன் தம்பதியினர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலே இவர்களைப் பற்றியும் எழுதினர். வேடரிடையே பெண் ஆணுக்கு நிகராக நடத்தப்பெற்றாள் என்பதும் அந்நூலிலிருந்து நாம் அறிவது. இன்று வாகரைப் பகுதியில் இல்மனைற் மணல் அகழ்வுக்கும் இறால் வளர்ப்புத் திட்டங்களுக்கும் எதிராக மக்கள் குரல் எழுப்பும்போது, அக்குரலிலே இப்பழங்குடியினரின் வாழ்வும் கலந்திருக்கிறது.

உள்நாட்டு வேடரின் கதையையும் கேளுங்கள். 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்த காடு ஒரே நாளில் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. பெருந்தொகையினர் மகாவலிக் குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டனர். அங்கே காணி கொடுக்கப்பட்டது. ஆனால் குடும்பத் தலைவன் என்ற முறையில் பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே கொடுக்கப்பட்டது. காட்டிலே கிழங்கு அகழ்ந்தும் பழம் பறித்தும் தன் கையால் உணவு தேடிய பெண், குடியேற்றத்திலே கணவனின் காணியில் உழைப்பவளானாள். காட்டைக் காப்பதாகச் சொல்லிக் காட்டு மக்களை வெளியேற்றிய இக்காரியத்தால் காடாவது காக்கப்பட்டதா? 2020 இல் பொல்லேபெத்தை, இறம்பக்கன் ஓயாப் பகுதியிலே சோளச் செய்கைக்காகக் காடு அழிக்கப்படுகிறது என்று, வேடர் தலைவர் ஊருவரிகே வன்னிலா அத்தோ, சூழல் நீதிக்கான நிலையத்தோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. தேனெடுத்தவன் குற்றவாளி, காட்டை வெட்டிச் சோளம் விதைப்பது அபிவிருத்தி! இதுவா நீதி?

பிற நாடுகளின் படிப்பினை

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இமயமலைச் சரிவிலே ரேணி என்றொரு சிற்றூர். 1974 மார்ச் 26 ஆம் நாள், ஆண்கள் நட்டஈடு பெறுவதற்கென நகரத்துக்குச் சென்றிருந்த வேளையிலே, மரம் வெட்டுவோர் வந்திறங்கினர். கௌரா தேவி என்னும் பெண்மணி ஊர்ப் பெண்கள் இருபத்தேழு பேரைத் திரட்டிக்கொண்டு சென்று மரங்களைக் காத்து நின்றார். வந்தவர்கள் திரும்பிப் போயினர். அந்த மலைச்சரிவிலே பத்தாண்டுகளுக்கு வணிக மரவெட்டு தடைசெய்யப்பட்டது. சிப்கோ இயக்கம் உலகப் புகழ் பெற்றது.

ஆனால் அதன் பின்கதையை மேடையிலே சொல்வோர் குறைவு. 1982 இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அமைந்தது. ரேணி, லாத்தா முதலிய ஊர்களின் மக்கள் தம் பழைய மேய்ச்சற்றரையையும் மூலிகைக் காட்டையும் இழந்தனர். மரத்தைக் கட்டிப்பிடித்துக் காத்தவர்களுக்கே காட்டின் கதவு அடைக்கப்பட்டது. வீரம் இருந்தது, உரிமைப் பத்திரம் இல்லை. அதுதான் அவர்கள் கண்ட நட்டம். இந்தியா பின்னாளில் 2006 இல் வன உரிமைச் சட்டம் இயற்றியது. மணமானவர் என்றால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகவே உரிமை பதியப்படல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. நடைமுறையிலே குறைகள் பல உள. எனினும் எழுத்திலாவது நீதி இருக்கிறது. இலங்கையிலே அத்தகைய சட்டம் இல்லை. பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்துக்கு 2007 இல் ஐக்கிய நாடுகள் சபையிலே இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அந்த வாக்கு இன்னும் சட்டமாகவில்லை.

உரிமை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னமெரிக்காவைப் பாருங்கள். பிறேசிலின் சிங்கு ஆற்றுப் பிரதேசம் 1961 இல் பூர்வகுடிகளின் நிலமாக எல்லை வகுக்கப்பட்டது. ஆற்றின் தலைப்பகுதியிலோ பண்ணை முதலாளிமார் சோயாவுக்காகவும் மாட்டுக்காகவும் காட்டை வெட்டித் தள்ளினர், ஆறு கலங்கியது. இக்பெங் என்னும் இனத்துப் பெண்கள் 2009 அளவில் ஒரு குழுவாகத் திரண்டனர். யாறாங் என்று பெயர் வைத்தனர். இலை சுமக்கும் எறும்புக்கு அவர்கள் மொழியிலே அதுவே பெயர். மழைக்காட்டிலே எந்த மரம் எப்பொழுது காய்க்கும் என்பதை அறிந்த அப்பெண்கள் விதை பொறுக்கிச் சுத்தம் செய்து விற்கின்றனர். பலவகை விதைகளை மணலோடு கலந்து ஒரே வேளையில் நிலத்திலே விதைப்பது அங்குள்ள முறை. நாற்று நட்டுத் தண்ணீர் ஊற்றுவதிலும் செலவு குறைவு. நம்முடைய சேனையில் பலதானியம் கலந்து விதைப்பதை ஒத்தது. அவர்கள் பொறுக்கிய விதையால் காடு வளர்கிறது. விற்ற பணத்தால் குடும்பம் வாழ்கிறது. காலடியில் உள்ள நிலம் தம்முடையது என்ற உறுதி இருந்தமையாலே அவர்களால் பிறர் அழித்த நிலத்தையும் திருத்த முடிந்தது.

எக்குவடோர் நாட்டிலே வவோறானி மக்களின் தலைவியாகிய நெமொன்ரே நென்கீமோ தம் இனத்தைத் திரட்டி அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்தார். தங்கள் மழைக்காட்டை எண்ணெய்க் கம்பனிகளுக்கு ஏலம் விடுமுன் தங்களை முறையாகக் கலந்து பேசவில்லை என்பது அவர்கள் வழக்கு. 2019 ஏப்ரலில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 180,000 ஹெக்டயர் காடு ஏலத்திலிருந்து தப்பியது. அத்தீர்ப்பின் சாரம் என்ன? நிலத்தில் வாழ்வோரைக் கேளாது நிலத்தைப் பற்றி முடிவு செய்யாதே என்பதுதான்.

நம் வாசலிலே

தூரதேசத்தை விட்டு நம் வாசலுக்கு வருவோம். இந்த ஏறாவூர்ப்பற்றிலேயே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகள் இருக்கின்றன. அங்கே வெளியிடத்தார் புகுந்து பயிர்செய்வதையும் மாடுகள் கொல்லப்படுவதையும் எதிர்த்து 2023 செப்ரெம்பரில் பண்ணையாளர் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். மாதக்கணக்கில் அமர்ந்தனர். பட்டியோடு தங்குபவர் ஆண்களே ஆயினும், பால் நின்றால் முதலில் அணைவது வீட்டுப் பெண்ணின் அடுப்பு அன்றோ? முல்லைத்தீவுக் கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்பிலே 2017 ஜனவரி இறுதியில் தாய்மார் பிள்ளைகளோடு விமானப்படை முகாமின் வாசலிலே அமர்ந்து இரவும் பகலும் காத்திருந்தனர். பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம். மார்ச் 1 ஆம் நாள் அந்நிலம் விடுவிக்கப்பட்டது. எழுதிய உறுதியைவிட எழுந்து போகாத உறுதி வலியது என்பதை அன்று கண்டோம். எனினும், ஒவ்வொரு தலைமுறைப் பெண்ணும் தெருவிலே அமர்ந்துதான் தன் நிலத்தைப் பெற வேண்டுமா?

நண்பர்களே! ஒரு மறுப்பையும் நேர்மையோடு எடுத்துக்கொள்வோம். "வீட்டுவேலை, வயல்வேலை, பிள்ளைவளர்ப்பு எல்லாம் போதாவென்று காட்டையும் பெண்ணின் தலையில் சுமத்துகிறீர்களா?" என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வி. சுமத்தவில்லை, தாயே! சுமையை நீங்கள் முன்னரே சுமக்கிறீர்கள். சுமைக்குரிய உரிமையைத்தான் கேட்கிறோம். காட்டைக் காக்கும் உழைப்புக்குக் கூலி வேண்டும். அதன் விளைவிலே பங்கு வேண்டும். அதன் முடிவிலே குரல் வேண்டும்.

செய்யவேண்டியவை

சொல்லிவிட்டுப் போவது போதாது. செய்யத்தக்க சிலவற்றைக் கூறி முடிக்கிறோம்.

வேளாண்மை செய்யும் பெரியோர்களே! இன்றிரவே உங்கள் பெட்டகத்தைத் திறந்து அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையெனில் மனைவியோடும் மகளோடும் கலந்து பேசிப் பிரதேச செயலகத்திலே பதியுங்கள். 2022 இன் திருத்தம் உங்களுக்குத் துணை நிற்கிறது. மகளுக்கு வீடு கொடுத்த பாட்டன்மாரின் பேரர்கள் மகளுக்கு வயல் கொடுக்கத் தயங்கலாமா?

சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே! போரில் எரிந்தும் வெள்ளத்தில் நனைந்தும் உறுதி தொலைந்த பெண்கள் ஏராளம். வாரத்தில் ஒரு பொழுது ஒதுக்கி அவர்கள் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். வன இலாகா எல்லைக் கல் நாட்டும்போது அது பயிர்செய்த நிலத்தில் நாட்டப்படுகிறதா, பழங்காட்டில் நாட்டப்படுகிறதா என்று கிராமத்து முதியோரையும் பெண்களையும் வைத்து எழுதிப் பதிவு செய்யுங்கள். மீனவர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் பெண்களுக்கு ஆசனம் கொடுங்கள். தேநீர் பரிமாறும் ஆசனமன்று, கையொப்பமிடும் ஆசனம்.

வாவிக்கரை மக்களே! கன்று நட வருவோரை வரவேற்போம். ஆனால் எங்கே நடுவது, எதை நடுவது, மூன்றாண்டு யார் பார்ப்பது என்று முதலில் கேட்போம். விடை சொல்லாதவரிடம் கன்றை வாங்க வேண்டாம்.

அரசுக்கும் ஒன்று கூறுகிறோம். ஐக்கிய நாடுகள் சபையில் அளித்த வாக்கு வீண்போகக் கூடாது. பூர்வகுடிகளின் காட்டுரிமைக்கும் மேய்ச்சற்றரைக்கும் சட்டக் காப்பு வேண்டும். அச்சட்டத்திலே பெண்ணின் பெயர் ஆணின் பெயருக்குப் பக்கத்திலே, ஒரே வரியிலே எழுதப்படல் வேண்டும்.

இந்த வாவி தமிழனுக்கு ஒரு நீரும் முஸ்லிமுக்கு ஒரு நீரும் தருவதில்லை. கண்டலின் வேருக்கு மதமில்லை. நம் இரு சமூகத்துத் தாய்மாரும் ஒரே கரையில் நின்று ஒரே காட்டைக் காக்கட்டும். அவர்கள் காக்கும் நிலம் அவர்கள் பெயரிலே எழுதப்படட்டும். அதற்காக உழைக்க இங்கு வந்திருக்கும் ஒவ்வொருவரையும் அழைத்து அமைகிறோம்.